காலில் விழுந்தவரிடம் என்ன சொல்வது? ஆசி வழங்கப் பழகுவோருக்கு

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு புதுச் சங்கடம் வந்து சேரும். நேற்றுவரை நாம் பெரியவர்கள் காலில் விழுந்துகொண்டிருந்தோம். இன்று நம் காலில் விழ ஆள் வருகிறார்கள். புதுமணத் தம்பதி தடாலென்று குனியும்போது கையும் ஓடாது, வாயும் வராது. "இருக்கட்டும், இருக்கட்டும், எந்திரிங்கப்பா" என்று இரண்டடி பின்னால் நகர்ந்துவிடுவோம். அவர்கள் கேட்டு வந்தது ஒரு நல்ல வார்த்தை. கிடைத்தது "இருக்கட்டும்".

அரிசியும் மஞ்சளும் தட்டும் தாம்பாளமும் கடையில் கிடைக்கும். சொல்தான் நாம் கொடுக்க வேண்டியது. ஆசியில் முக்கால் பங்கு அதுதான். ஆனாலும் கையில் எடுக்கும் பொருளைச் சரியாகச் செய்துவைத்தால் வாய் தானாகத் திறக்கும் என்பதால், இரண்டையும் பார்ப்போம்.

சொல்லுக்குள் இருக்கும் வேலை

தாழ், தாழ்த்து, வீழ், வீழ்த்து. அதே வரிசையில் வாழ், வாழ்த்து. வீழ்த்துவது என்றால் விழச் செய்வது. வாழ்த்துவது என்றால் வாழச் செய்வது. சொல்லின் அமைப்பிலேயே ஒரு பிறவினை இருக்கிறது. ஆசீர்வாதம் வடசொல், 'ஆசிஸ்' என்றால் நல்விருப்பம், 'வாதம்' என்றால் சொல்லுதல். இரண்டு வழியில் போனாலும் வந்து நிற்பது வாயில்தான். அரிசி தூவிவிட்டு மௌனமாக நிற்பது ஆசியாகாது. அரிசி தூவியது, அவ்வளவுதான்.

இலக்கணத்திலும் இதற்கென்று ஒரு வினை வடிவம் உண்டு. வாழ்க, வாழிய, வாழியர் என்று க, இய, இயர் ஈறுகளில் முடியும் வியங்கோள். இதே வடிவம்தான் வசைக்கும் பயன்படும்: ஒழிக, வீழ்க. ஒரே அச்சில் இரண்டும் வார்க்கப்படுவதால்தான் நம் வீடுகளில் நல்ல நாளில் வாயைக் காக்கச் சொன்னார்கள். விளக்கை அணை என்னாமல் குளிரவை என்பதும், போகிறேன் என்னாமல் போய்வருகிறேன் என்பதும் மங்கல வழக்கு. ஆசி சொல்லும்போது இது பெரிதும் உதவும். "நோய் நொடி இல்லாமல் இரு" என்பதைவிட "சுகமா இரு" நல்லது. முதலாவதில் கேட்பவர் காதில் முதலில் விழுவது நோய்.

அட்சதை செய்யும் முறை

அட்சதை என்றால் சிதையாதது, முறியாதது. உடையாத அரிசி என்பதே பொருள். ஆகவே முதல் வேலை சலிப்பது. ரேஷன் அரிசியோ பொன்னியோ, பச்சரிசியாக இருக்க வேண்டும். நொய்யையும் உடைந்த மணியையும் புடைத்து நீக்க வேண்டும். புழுங்கலை ஒதுக்குவதற்கு, அது ஒருமுறை வெந்த அரிசி என்பது காரணம். "பச்சரிசி முளைக்கும், அதனால்தான்" என்று சிலர் விளக்குவார்கள். உமி நீக்கித் தீட்டிய அரிசி எதுவும் முளைக்காது. அந்த விளக்கத்தை விட்டுவிடலாம்.

1 கிலோ அரிசிக்கு மஞ்சள்தூள் 2 மேஜைக்கரண்டி (சுமார் 15 கிராம்), நெய் 2 தேக்கரண்டி, தண்ணீர் 3 முதல் 4 தேக்கரண்டி. அகலமான தாம்பாளத்தில் அரிசியைக் கொட்டி, உள்ளங்கையில் நெய்யைத் தடவிக்கொண்டு அரிசியை அளைந்து விடுங்கள். மணி ஒவ்வொன்றிலும் லேசான பளபளப்பு ஏறியதும் மஞ்சளைத் தூவிப் பிசறவும். பிறகு தண்ணீரைத் தெளிக்கத் தெளிக்க, விரல் நுனியால் மேலும் கீழுமாகப் புரட்ட வேண்டும். மாவு பிசைவதுபோல் அழுத்தக் கூடாது. ஈரம் பட்ட அரிசியில் கீறல் விழும், அழுத்தினால் அங்கேயே உடையும். முறியாத அரிசி வேண்டுமென்று சலித்துவிட்டு நாமே முறித்தால் என்ன லாபம்?

வெள்ளைத் துணியில் பரப்பி மின்விசிறிக் காற்றில் ஒன்றிரண்டு மணி நேரம் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் மஞ்சள் நிறம் வெளுத்துப்போகும். விரலில் எடுத்துப் பார்த்தால் கறை ஒட்டக் கூடாது, மணி ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. அதுதான் பதம்.

தவறு நேரும் இடங்கள் நாலைந்து உண்டு. தண்ணீர் அதிகமானால் மறுநாள் புளித்த வாடை வரும், கட்டி தட்டும். நெய் இல்லாமல் செய்தால் காய்ந்ததும் மஞ்சள் தனியே உதிர்ந்து, தூவும்போது புகைபோல் பறந்து பட்டுப்புடவையில் படியும். நெய்க்குப் பதில் நல்லெண்ணெய் ஊற்றி நாலு நாள் முன்பே செய்துவைத்தால் சிக்கெடுக்கும். வெற்றிலை போட்ட கையோடு பிசைந்தால் அங்கங்கே சிவப்புத் திட்டு விழும். சுண்ணாம்பு பட்ட மஞ்சள் சிவக்கும். கோலத்துக்கும் பூசைக்கும் என்று விற்கும் மலிவு மஞ்சள்தூளில் சாயம் இருக்கலாம். தலையிலும் கண்ணோரத்திலும் படப்போகிற பொருள் என்பதால் சமையல் மஞ்சளையே போடுங்கள்.

மஞ்சள் சேர்க்காத வெறும் பச்சரிசியை மட்டும் மங்கல காரியத்தில் தூவ வேண்டாம். வாய்க்கரிசிக்கு எடுப்பது அதைத்தான். நேரமில்லை என்று வெள்ளை அரிசியைக் கொண்டுவந்து நீட்டினால், வயதான பெண்கள் முகம் சுருங்குவது இதனால்தான்.

யாழ்ப்பாணத்தில் அரிசியோடு அறுகம்புல்லும் சேரும்; அறுகரிசி என்பார்கள். கொங்கு நாட்டுத் திருமணங்களிலும் அருகம்புல்லுக்குத் தனி இடம் உண்டு. அங்கே சடங்கை நடத்தித் தருபவர் அருமைக்காரர். வெட்ட வெட்டத் தழைக்கும் புல் என்பதால் வம்சத்துக்கு உவமை. புல் சேர்ப்பதானால் கழுவி, ஈரம் போக உலர்த்தி, ஓர் அங்குலத் துண்டாகக் கிள்ளி, தூவுவதற்குச் சற்று முன் கலக்க வேண்டும். முதல் நாளே கலந்தால் அரிசி ஊறிவிடும். ரோஜா இதழுக்கும் இதே விதி.

விழுவதும் எழுப்புவதும்

சைவ வழக்கில் ஆண்களுக்கு எட்டு உறுப்பு வணக்கம்: தலை, இரு கை, இரு செவி, மோவாய், இரு தோள் ஆகியவை தரையில் பட வேண்டும். பெண்களுக்கு ஐந்துறுப்பு: தலை, இரு கை, இரு முழந்தாள். மார்பும் வயிறும் தரையில் படாத வணக்கம் இது. கர்ப்பிணிக்கு இதுகூடத் தேவையில்லை. நின்று கைகூப்பினால் போதும். அதை அந்தப் பெண் சொல்லட்டும் என்று காத்திருக்காமல், அவள் குனிவதற்கு முன் நாமே தோளைத் தொட்டுவிட வேண்டும்.

விழ இடம் வேண்டுமே. ஐந்தரை அடி ஆள் கையை நீட்டி விழுந்தால் ஏழு அடி பிடிக்கும். வாசற்படி, படிக்கட்டு, சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவில் உள்ள சந்து, இவற்றில் நின்றுகொண்டு ஆசி கொடுக்கக் கிளம்பினால் ஒருவர் நெற்றியில் புடைப்பு வரும். சுவரை முதுகுக்குப் பின்னால் விட்டு நில்லுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கையுள்ள நாற்காலியில் இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்காரலாம். கட்டிலில் படுத்திருப்பவர் காலில் விழும் வழக்கம் இல்லை. எழுந்து உட்கார வைத்த பிறகே வணங்குவார்கள். உடம்புக்கு முடியாமல் எழ முடியாதவர் என்றால் பக்கத்தில் அமர்ந்து அவர் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்ளலாம். கோயிலுக்குள் சந்நிதி இருக்கும்போது மனிதர் காலில் விழுவதில்லை; வெளியே வந்து விழச் சொல்லுங்கள். துக்க வீட்டிலும் விழுவது இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருப்பவரையும் விட்டுவிட வேண்டும்.

தம்பதியாக ஆசி கொடுப்பவர்கள் சேர்ந்தே நிற்க வேண்டும். ஒருவர் மாடியிலும் ஒருவர் அடுப்படியிலும் இருந்தால் கூப்பிட்டு வரவழையுங்கள். பிள்ளைகளை இரண்டு முறை விழவைக்க வேண்டாம்.

இனி அந்த நான்கைந்து விநாடி. அவர் குனியத் தொடங்கும்போதே வலது கையில் அட்சதையை எடுத்துக்கொள்ளுங்கள். தலை தரையில் பட்டதும் பெயரைச் சொல்லி அழைத்து வாழ்த்தைச் சொல்லுங்கள். சொல்லி முடியும் இடத்தில் உச்சியில் அரிசியைத் தூவி, உள்ளங்கையை ஒரு மூச்சு நேரம் தலையில் வையுங்கள். பிறகு இரண்டு கையாலும் தோளைப் பிடித்து எழுப்புங்கள். எழுந்ததும் முகத்தைப் பார்க்க வேண்டும். பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, ஆள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது "ம், நல்லா இருங்க" என்று முதுகைப் பார்த்துச் சொல்கிறார்கள். விழுந்திருக்கும்போதே சொல் காதில் விழ வேண்டும்.

விழுவது பிடிக்காத பிள்ளைகள் உண்டு. விழவைப்பதைக் கொள்கையாகவே மறுக்கும் வீடுகளும் உண்டு. பிடரியைப் பிடித்துக் குனியவைத்து வாங்கும் வணக்கத்துக்குப் பின் எந்த ஆசியும் ஒட்டாது. கைகூப்பி நிற்கும் பிள்ளையின் தலையில் கை வைத்தால் அது முழு ஆசிதான்.

என்ன சொல்வது

எல்லாருக்கும் பொருந்துவது "நல்லா இரு". இதைவிடச் சிறந்த இரண்டு சொல் தமிழில் இல்லை. பின்னால் ஒட்டும் விளிச்சொல்லில் ஊர் தெரியும். கோயம்புத்தூர்ப் பக்கம் "நல்லாயிரு கண்ணு", "நல்லாயிரு சாமி". மதுரையில் "நல்லா இருய்யா", பெண் என்றால் "நல்லா இரு தாயி". குமரி மாவட்டத்தில் "மக்கா". யாழ்ப்பாணத்தில் "நல்லா இரு ராசா". உங்கள் வாய்க்கு எது இயல்போ அதைச் சொல்லுங்கள். வீட்டில் ஒருநாளும் பேசாத செந்தமிழை அன்று மட்டும் இழுத்துவந்தால் சொல்பவருக்கும் கூச்சம், கேட்பவருக்கும் கூச்சம்.

மணமக்களுக்கு "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க". பதினாறு என்றதும் பிள்ளைகள் என்று சிரிப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அது பதினாறு பேறு: கல்வி, அறிவு, ஆயுள், வலிமை, துணிவு, வெற்றி, புகழ், பெருமை, பொன், நெல், நல்ல பிள்ளைகள், அழகு, இளமை, நோயின்மை, நல்லூழ், நுகர்ச்சி. பட்டியல் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். கடைசியில் உள்ள நுகர்ச்சியைக் கவனியுங்கள். மற்றதெல்லாம் இருந்தும் அனுபவிக்கக் கொடுத்துவைக்காதவர்களை நாம் பார்த்திருக்கிறோம், அதையும் தனியாகக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். பதினாறையும் ஒப்பிக்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைக்கு எது வேண்டுமோ அதை ஒன்று எடுத்துச் சொன்னால் போதும்: "மகராசியா இரு, நல்ல சுகத்தோட இரு."

வடமொழி வழக்கு உள்ள வீடுகளில் பெண்ணுக்குத் "தீர்க்க சுமங்கலி பவ", ஆணுக்குத் "தீர்க்காயுஷ்மான் பவ". இதைச் சொல்பவர்கள் ஆண், பெண் மாற்றிச் சொல்லி மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும். தெரியாவிட்டால் தமிழிலேயே "நூறு வயசு நல்லா இருங்க" என்று இருவருக்கும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு: "படிச்சதெல்லாம் நினைப்புல வரும், போயிட்டு வா." வேலைக்குச் சேரப் போகிறவருக்கு: "கை வச்சதெல்லாம் துலங்கும்." வீடு கட்டியவருக்கு: "வீடு நிறைஞ்சு இருக்கட்டும்." ஊருக்குக் கிளம்புபவருக்கு: "நல்லபடியா போயிட்டு வா." இதில் 'வா' முக்கியம்.

சொல்லக் கூடாதவையும் உண்டு. "ஒழுங்கா படிச்சா நல்லா இருப்ப" என்பது நிபந்தனை, ஆசி கிடையாது. "அக்கா மாதிரி நல்லா வரணும்" என்பது ஒப்பீடு. குனிந்திருக்கும் தலைக்குள் அது குத்தும். "அடுத்த வருஷம் பேரனோட வரணும்" என்று மணமேடையிலேயே சொல்வது பலருக்கு வழக்கம். குழந்தைக்காகக் காத்திருந்து நொந்தவர்களைக் கேட்டால் இந்த ஒரு வாக்கியம் எத்தனை ஆண்டு துரத்தும் என்று சொல்வார்கள். "நிறைஞ்ச வாழ்வு வாழுங்க" என்றாலே எல்லாம் அடங்கிவிடும்.

வயதில் மூத்தவரை இளையவர் ஆசீர்வதிப்பதில்லை. கட்சிப் பதாகைகளில் "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்" என்று போடுவது தேய்ந்துபோன தொடர்தான், ஆனால் முறை சரி. அறுபதாம் கல்யாணத்தில் இந்தக் குழப்பம் வரும். தமிழ் வருடங்கள் 60-ம் சுற்றி, பிறந்த வருடம் திரும்ப வருவதைக் கொண்டாடுவது அது. திருக்கடையூரில் தினமும் பார்க்கலாம். அங்கே மேடையில் இருக்கும் தம்பதியைவிட மூத்தவர்கள் மட்டும் அட்சதை போட வேண்டும். இளையவர்கள் விழுந்து, அந்தத் தம்பதியிடமே ஆசி வாங்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே தட்டை நீட்டிவிட்டால் பேரன் தாத்தா தலையில் அரிசி போடுவான். ஆயிரம் பிறை கண்டவர் என்று கொண்டாடும் சதாபிஷேகத்தில் மேலே மூத்தவர் இருப்பதே அரிது. (பிறைக்குப் பிறை 29.53 நாள் என்று வைத்தால் ஆயிரம் பிறைக்கு 80 வருடம் 10 மாதம் ஆகும்.)

கணவனை இழந்த தாயை ஒதுக்கி நிறுத்திவிட்டு, சொந்தப் பிள்ளையின் கல்யாணத்தில் யார் யாரையோ கூப்பிட்டு ஆசி வாங்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. இதில் சாத்திர வாதத்துக்குள் போக வேண்டாம். பெற்று வளர்த்தவளைவிட அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டுமென்று நினைப்பவர் மண்டபத்தில் வேறு யாரும் இருக்கப்போவதில்லை. நடத்திவைப்பவர்கள் முதல் நாளே அம்மாவிடம் பேசி, முதல் அட்சதையை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அன்று காலையில் மேடையில் வைத்துப் பேச ஆரம்பித்தால் அவரே கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுவார்.

திருநீறு, குங்குமம்

திருநீறு இடும்போது தலையைச் சற்று நிமிர்த்தச் சொல்லி, உங்கள் இடக்கையை அவர் புருவத்துக்கு மேல் குடைபோல் வைத்து, வலக்கை மோதிர விரலாலோ பெருவிரலாலோ ஒரே இழுப்பாக இடுங்கள். குடை வைக்காவிட்டால் தூள் கண்ணில் விழும். இரண்டு விரலால் கிள்ளி எடுத்த அளவே அதிகம். மிச்சத்தை ஊதித் தள்ளாமல், தரையில் உதறாமல், உங்கள் நெற்றியிலேயே பூசிக்கொள்ளலாம். ஊருக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு சிட்டிகை திருநீற்றைச் சின்னக் காகிதத்தில் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைப்பது நம் பாட்டிமார் வழக்கம். நாள்காட்டித் தாளைக் கிழித்து மடித்தால் பொட்டலம் விரியாது.

குங்குமத்துக்கு மோதிர விரல் நுனி போதும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமம் அடர்சிவப்பாக, சற்று மங்கலாக இருக்கும். பளீரென்ற ரத்தச் சிவப்பில் இருப்பது பெரும்பாலும் சாயம். நெற்றியில் அரிப்பும் கருப்புத் தழும்பும் வருவது இதனால்தான். அப்படி ஒவ்வாமை உள்ள பெண்ணின் நெற்றியில் வற்புறுத்தி வைக்க வேண்டாம். அவள் கையில் கொடுத்தால் தாலியில் தொட்டு வைத்துக்கொள்வாள்.

கைக்குழந்தைக்கு இவை எதுவுமே வேண்டாம். தூள் மூக்கில் ஏறும், அரிசி வாய்க்கும் காதுக்கும் போகும். குழந்தையின் பாதத்தைத் தொட்டு, காதருகே பெயரைச் சொல்லி வாழ்த்தினால் போதும். ஆசி என்று சொல்லி நாக்கில் தேன் தடவுவது ஒரு வயது முடியும்வரை கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய கிருமி பச்சிளம் குடலில் நஞ்சாகும்.

மண்டபத்தில்

முகூர்த்தத்துக்கு முன் தாலியைத் தேங்காய் மேல் வைத்துத் தட்டில் எடுத்துவருவார்கள். சபையில் எல்லாரும் தொட்டு ஆசி சொல்வார்கள். இந்தத் தட்டு சுற்றுவதில்தான் நேரம் போகும். 400 பேர் வந்திருந்து ஆளுக்கு 5 விநாடி என்றால் 33 நிமிடம். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தட்டை அனுப்பிவிட்டு, பாதி மண்டபத்தில் இருந்து அதைத் திருப்பி ஓட்டமாகக் கொண்டுவருவது எல்லாக் கல்யாணத்திலும் நடக்கும் கூத்து. தாலித் தட்டு ஒன்று, அட்சதைத் தட்டு மூன்று என்று பிரித்துவிடுங்கள். தாலித் தட்டை வீட்டு மனிதர் ஒருவர் கையில் கொடுத்து, முன் வரிசைகளுக்கும் வயதானவர்களுக்கும் மட்டும் அனுப்பி, தங்கம் இருப்பதால் இன்னொருவரைக் கூடவே போகச் சொல்லுங்கள். அட்சதைத் தட்டுகள் மற்ற வரிசைகளுக்கு. முக்கால் மணி நேரத்துக்கு முன்பே எல்லாம் கிளம்பிவிட வேண்டும்.

அட்சதை ஆளுக்கு ஒரு தேக்கரண்டி, சுமார் 5 கிராம். 400 பேருக்கு 2 கிலோ. பூவிதழ் கலந்தால் ஒன்றரை கிலோ போதும். முன்கூட்டியே கொடுத்துவிட்டால் கைவேர்வையில் மஞ்சள் கரைந்து எல்லார் உள்ளங்கையும் மஞ்சளாகும், பிறகு அது வேட்டியில் துடைக்கப்படும். சின்னக் காகிதப் பொட்டலமாக இருக்கையில் வைத்துவிடுவது இதற்கு ஒரு வழி.

கெட்டிமேளம் முழங்கியதும் தூவ வேண்டும். பத்தாவது வரிசையில் இருந்து வீசினால் அது மூன்றாவது வரிசை மாமாவின் தலையில்தான் விழும். கிட்டே போக முடியாதவர்கள் இருந்த இடத்திலேயே சொல்லித் தூவிவிட்டால் போதும். மேடையில் நிற்பவர்கள் கையைத் தாழ்த்தி, தலைக்கு மேலிருந்து உதிர்த்துவிட வேண்டும். கல்லெறிவதுபோல் எறியும் அரிசி கண்ணில் பட்டால் நன்றாக வலிக்கும். ஓமகுண்டத்துப் பக்கம் நெய்க்கை வேண்டாம். பிறகு அந்தப் பளிங்குத் தரை: அரிசி சிந்திய கிரானைட்டில் பட்டுப்புடவையும் வெறுங்காலும் சேர்ந்தால் வழுக்கல் நிச்சயம். தாலி கட்டி முடிந்து, வலம் வரத் தொடங்கும் முன் ஒருவர் மெல்லத் துடைப்பத்தால் பாதையை ஒதுக்கிவிட வேண்டும். இதற்கு ஆளை முன்பே சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் எல்லாரும் கேமரா பக்கம் திரும்பியிருப்பார்கள்.

சுயமரியாதைத் திருமணங்களில் அட்சதையின் இடத்தில் வாழ்த்துரை வரும். 1967-ல் இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு அரசு 7அ பிரிவைச் சேர்த்த பிறகு, உற்றார் முன்னிலையில் உறுதி சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றி, அல்லது தாலி கட்டிச் செய்யும் திருமணம் சட்டப்படி செல்லும். அங்கே பேசப் போகிறவருக்கு ஒரே அறிவுரை: மூன்று நிமிடம். அதில் முதல் நிமிடத்திலேயே இருவர் பெயரையும் சொல்லிவிடுங்கள்.

மற்ற சமயத்தார் வீட்டுக்குப் போகும்போது அங்குள்ள முறைப்படி. தமிழ்க் கத்தோலிக்கத் திருமணத்தில் தாலியைக் குருவானவர் ஆசீர்வதித்துத் தருவார். பெற்றோர் பிள்ளையின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை வரைந்து ஆசி சொல்வார்கள். நிக்காஹ் முடிந்ததும் மணமக்களுக்குப் பரக்கத் (இறையருள் வளம்) வேண்டி, இருவரையும் நன்மையில் ஒன்று சேர்க்கும்படி துஆ (பிரார்த்தனை) கேட்பது முறை. காலில் விழுவதற்கு இஸ்லாத்தில் இடமில்லை. கையில் ஒட்டிய அட்சதையோடு அங்கே போய் நிற்காதீர்கள்.

ஆரத்தி

பித்தளைத் தாம்பாளத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள். மஞ்சள் குழம்பியிருக்கும் அந்த நீரில் மிளகளவு சுண்ணாம்பைக் கரைத்து விரலால் சுழற்றினால், விரல் போகும் வழியெல்லாம் சிவப்பு இழை இழையாக ஓடி, இரண்டு சுற்றில் தட்டு முழுதும் செக்கச் செவேலென்று ஆகிவிடும். சுண்ணாம்பு கூடினால் பழுப்படித்துக் கறுக்கும். குறைந்தால் ஆரஞ்சு நிறத்தோடு நின்றுவிடும். குறைந்தால் சேர்க்கலாம், கூடினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைப்பதுதான் வழி. அவசரத்துக்குக் குங்குமம் கரைப்பவர்கள் உண்டு. சாயக் குங்குமமாக இருந்தால் வாசல் திண்ணையில் கறை மாதக்கணக்கில் நிற்கும்.

வெற்றிலையை மிதக்கவிட்டு அதன் மேல் சூடம் ஏற்றலாம். இரண்டு பெண்கள் எதிரெதிரே தட்டைப் பிடித்து, வலமாக மூன்று சுற்று. தொங்கும் முந்தானையை இடுப்பில் செருகிய பிறகே சூடம் ஏற்றுங்கள். பிளாஸ்டிக் அலங்காரத் தட்டு வேண்டாம். சூடம் சரிந்தால் உருகும். சுற்றி முடிந்ததும் நீரைத் தொட்டு நெற்றியில் வைத்துவிட்டு, மிச்சத்தை நடமாட்டம் இல்லாத வாசல் மூலையில் ஊற்றுவார்கள். சுற்றும்போது வாயை மூடிக்கொண்டு சுற்றுகிறோம். அந்த நேரத்தில் ஒரு "நல்லா இருங்க" சொல்லிவிடலாம்.

தூரத்தில் இருப்பவர்களுக்கு

வீடியோ அழைப்பில் ஆசி கேட்பது இன்று சாதாரணம். குழந்தைகள் திரைக்கு முன் விழுவார்கள், இங்கிருந்து பார்ப்பவருக்கு அவர்கள் முதுகு மட்டும்தான் தெரியும். போனைத் தரையில் சாய்த்துவைத்து, பக்கவாட்டில் நின்று விழச் சொல்லுங்கள். ஒலி ஒரு விநாடி தாமதமாகப் போகும் என்பதால் அவர்கள் குனியும்போதே பேச ஆரம்பித்துவிட வேண்டும். பெயரைச் சொல்லுங்கள், நாலு பேர் ஒரே திரையில் இருக்கும்போது யாருக்கு ஆசி என்று குழந்தைக்குத் தெரிய வேண்டும்.

அட்சதையைப் பெட்டியில் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர்கள் அந்தந்த நாட்டு விதியைப் பார்த்துவிடுங்கள். அமெரிக்காவுக்கு இந்தியாவிலிருந்து பயணப்பையில் அரிசி கொண்டுபோகக் கூடாது. கப்ரா என்னும் தானிய வண்டுதான் காரணம். அங்கேயே கடையில் அரிசி வாங்கிப் பிசைந்துகொள்ளச் சொல்லி, அளவை எழுதி அனுப்பினால் போதும்.

மிஞ்சியது

தட்டில் கை படாமல் மிஞ்சிய அட்சதை உடனே கெட்டுப்போகாது. ஆனாலும் நெய் சேர்ந்திருப்பதால் ஒரு வாரத்துக்குள் பறவைகளுக்குப் போட்டுவிடுங்கள். தரையில் விழுந்ததைக் கூட்டி எடுத்துச் செடி அடியில் கொட்டலாம், எறும்பு பார்த்துக்கொள்ளும். பட்டில் விழுந்த மஞ்சளை ஈரத்துணியால் தேய்க்காதீர்கள், பரவிவிடும். காய்ந்த நிலையில் உதறி, மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, சலவைக்காரரிடம் இடத்தைக் காட்டிக் கொடுங்கள். பருத்தி வேட்டி என்றால் சோப்புப் போட்டு அலசி ஈரத்தோடு வெயிலில் போட்டால் மஞ்சள் தானே வெளுக்கும். மணப்பெண்ணின் சடையைப் பிரிக்கும்போது எண்ணெய் வைக்கும் முன் உலர்ந்த சீப்பால் வாரிவிட வேண்டும். எண்ணெய் பட்ட அரிசி முடியில் ஒட்டிக்கொண்டு வராது. ஜிமிக்கிக்குள்ளும் ரவிக்கைக் கழுத்துக்குள்ளும் நாலு மணி கட்டாயம் கிடக்கும், உதறிப் பாருங்கள்.